விசிலும் இல்லாத நடத்துநர்

பேருந்து நடத்துநரிடம் விசிலாவது இருக்கிறது. பாடகர் குழுவின் நடத்துநரிடம் அதுவும் கிடையாது. மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். ஸ்வீடன் வானொலியின் பாடகர் குழுவில் 32 பேர், எல்லோரும் பாடிச் சம்பளம் வாங்குபவர்கள். 1982 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எரிக் எரிக்சன் அந்தக் குழுவை நடத்தினார். பாட்டே தொழிலான இவர்களுக்கு எதிரே கையசைக்க ஒருவர் எதற்கு?

முதலில் மூச்சு. கை மேலே எழும்போதே நடத்துநர் மூச்சை இழுக்கிறார். எதிரில் நிற்பவர்களும் அதே அளவில் இழுக்கிறார்கள். அவர் தோளைத் தூக்கி அவசரமாக இழுத்தால் அத்தனை தொண்டையும் இறுகும். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு மூச்சு ஒன்றாவதால் இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் அளந்து காட்டினார்கள். சொல்லின் கடைசியில் 'ஸ்' வந்தால் வேறு தொல்லை. ஒருவர் முந்தினாலும் பாம்பு சீறியதுபோல் இருக்கும். நடத்துநரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடும் கணத்தில் 32 பேரும் முடித்தாக வேண்டும்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். தலைவலி சுருதிதான். நம் கச்சேரியில் தம்புரா பின்னாலிருந்து ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வாத்தியமில்லாத குழுப்பாட்டில் அந்தக் காவல் இல்லை. பக்கத்துக் குரலோடு 3:2, 5:4 என்ற எளிய விகிதங்களில் இழைந்தால் காதுக்கு இனிக்கும். நல்ல பாடகர் தானாகவே அங்கே போய் உட்காருவார். ஆனால் அப்படி இழைந்தபடியே சில சுரச்சேர்க்கைகளைச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. 81க்கு 80 என்ற கணக்கில் சுருதி நழுவியிருக்கும். 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கணித அறிஞர் பெனெடெட்டி இந்த நழுவலைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். நொடிக்கு 440 அதிர்வில் தொடங்கி, இறங்கும் வகைச் சுற்று ஐந்து போனால் 413க்கு வந்துவிடும். அரைச்சுரம் இறங்க 415 போதும்! இதில் யாரும் தப்பாகப் பாடவில்லை. சரியாகப் பாடியதன் வினை.

எந்த இடத்தில் யார் இம்மியளவு விட்டுக்கொடுப்பது என்று ஒத்திகையில் தீர்ப்புச் சொல்கிறவர் நடத்துநர். பாடுகிறவருக்குத் தன் குரலும் பக்கத்துக் குரலும்தான் பலமாகக் கேட்கும். மொத்தமும் வந்து சேரும் இடத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான். ஒத்திகைப் பாட்டு முடிந்ததும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடிப்பார். முன்வரிசை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.