சோழமண்டலம் ஓவியர் கிராமமும் பத்திக் கலையும்

பத்திக் என்பது உருகிய மெழுகால் துணியில் வரைந்து சாயமேற்றும் கலையாகும். இந்தோனேசியாவின் ஜாவா தீவு இக்கலைக்குப் பெயர் பெற்றது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாவதற்குப் பத்திக் துணிகளின் விற்பனை பெரிதும் உதவியது.

செய்முறை

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதே இதன் அடிப்படை. முதலில் வெளிர் நிறம் ஏற்றப்படும். அந்நிறம் நிலைக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, துணியை அடுத்த அடர் நிறத்தில் முக்குவர். மெழுகு உருகாதிருக்கச் சாயநீர் ஆறியதாக இருக்க வேண்டும். இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டாகும் மெல்லிய கோடுகள் பத்திக்கின் அடையாளமாகும்.

சோழமண்டலத்தில்

1960களில் சென்னை கலைக் கல்லூரியில் பயின்று வெளிவந்த இளம் ஓவியர்களுக்குப் பிழைப்பு பெரும் சிக்கலாக இருந்தது. நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. வேறு வேலைக்குப் போனால் ஓவியம் நின்றுவிடும். கல்லூரி முதல்வர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) இதற்குக் கைவினையை வழியாகக் கண்டார். ஓவியர்கள் சங்கமாகச் சேர்ந்து பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் கிராமத்தை நிறுவினர். கைவினை உணவுக்கு வழி செய்ததால், விற்பனையை எண்ணாமல் விரும்பியதை வரைய அவர்களால் முடிந்தது.

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களின் பத்திக்

ஏறத்தாழ இதே காலத்தில் ஆஸ்திரேலியப் பாலைவனத்திலும் பத்திக் வேரூன்றியது. 1970களில் எர்னபெல்லா, யுடோப்பியா ஆகிய ஊர்களின் பழங்குடிப் பெண்கள் இதைக் கற்றனர். சடங்குகளில் உடலில் தீட்டும் கோலங்களையும் தம் நிலத்தின் செடிகொடிகளையும் யுடோப்பியா பெண்கள் பட்டுத்துணியில் வரைந்தனர். அவர்களுள் ஒருவரான எமிலி காமே இங்வாரே பத்தாண்டுக்கும் மேல் பத்திக் செய்த பின்னரே, 1980களின் இறுதியில், கித்தானில் வரையத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார்.

ஒப்பீடு

சென்னையில் ஓவியம் கற்றவர்கள் அதைக் காப்பாற்றப் பத்திக்கை நாடினர். யுடோப்பியாவில் பத்திக் செய்தவர்கள் அதன் வழியே ஓவியத்துக்கு வந்தனர். இரண்டிடத்திலும் கைத்தொழில் கலைக்குத் துணை நின்றது.