2050ஆம் ஆண்டின் கழிவுநீரை இன்றே அளக்கும் நகரங்கள்

வீட்டு மனையின் ஒரு மூலையில் குடிநீர்க் கிணறு, மறு மூலையில் செப்டிக் டேங்க். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களைச் சுற்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புறநகர்களில் ஏராளமான வீடுகள் இப்படித்தான் இருந்தன. 1959இல் மாநிலச் சுகாதாரத் துறை அந்தக் கிணறுகளை ஆராய்ந்தது. ஏறக்குறையப் பாதிக் கிணறுகளில் கழிவுநீர் கலந்திருந்தது. வீட்டார் வெளியேற்றிய நீர் மண்ணுக்குள் இறங்கி, அவர்களுடைய குழாய்க்கே திரும்பிக்கொண்டிருந்தது.

இதை எந்த ஊரும் தனியே தீர்த்திருக்க முடியாது. கழிவுநீர் பள்ளத்தை நோக்கி ஓடும். ஊர் எல்லைகள் அதற்குத் தெரியாது. மேட்டில் இருக்கும் ஊரின் குழாய், பள்ளத்தில் இருக்கும் ஊரின் தெருவுக்கு அடியில்தான் போயாக வேண்டும். எனவே, இந்த வட்டாரத்தின் ஏழு கவுண்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) பொதுவாக 1967இல் மாநிலச் சட்டமன்றம் மெட்ரோபாலிட்டன் கவுன்சிலை உருவாக்கியது. 1976இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு முழுமைத் திட்டம் எழுத வேண்டும். வரும் பத்தாண்டுகளில் வீடு எங்கே, கடை எங்கே, சாலை எங்கே, பூங்கா எங்கே என்று சொல்லும் ஆவணம் அது. இப்போது அதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஊர் தன் விருப்பத்தை எழுதலாம். ஆனால் அது வட்டாரத் திட்டத்தோடு பொருந்த வேண்டும்.

அந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு.

முதலில் மக்கள்தொகை. 2020 கணக்கெடுப்பின்படி இந்த வட்டாரத்தில் சுமார் 31.6 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வருங்காலத்தில் எத்தனை பேர், எத்தனை குடும்பங்கள், எத்தனை வேலைகள் என்று ஊர் ஊராக முன்கணித்து, கவுன்சில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஓர் ஆவணம் அனுப்புகிறது. ‘உங்கள் ஊருக்கு அடியில் செல்லும் பெருங்குழாய் இது, நெடுஞ்சாலை இது, விமான நிலையத்தின் தாக்கம் இது, வட்டாரப் பூங்கா இது’ என்று விவரிக்கும் அதற்குக் கட்டமைப்பு அறிக்கை என்று பெயர் வைக்கலாம். அது கைக்கு வந்ததும் ஊரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். தன் திட்டத்தைப் புதுப்பிக்கச் சட்டம் தரும் அவகாசம் மூன்று ஆண்டுகள்.

அடுத்து, மனிதர்கள் லிட்டர்களாக மாறுகிறார்கள். புதிதாக ஒரு வீடு இணைப்புப் பெற்றால், அது ஒரு நாளில் உச்சமாக 274 கேலன், அதாவது சுமார் 1,037 லிட்டர் கழிவுநீர் அனுப்பக்கூடும் என்பது இங்கே அளவுகோல். உணவகமோ மருத்துவமனையோ வந்தாலும் அது எத்தனை வீடுகளுக்குச் சமம் என்றுதான் கேட்பார்கள். 100 ஏக்கர் வயலில் ஏக்கருக்கு ஐந்து வீடு என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டினால், 500 வீடுகளுக்கான நீரை ஏற்கும் இடம் குழாயில் இருக்க வேண்டும். மொத்த வட்டாரமும் நாளொன்றுக்குச் சராசரியாக வெளியேற்றுவது ஏறத்தாழ 95 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரிகளில் ஏற்றினால் 79,000 லாரிகள் வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கம். குழாய் பெரிதாக இருந்து வீடுகள் குறைவாக இருந்தாலும் தவறுதான்! தோண்டிய செலவு பொதுப்பணம். அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும். அதனால்தான் குறைந்தபட்ச அடர்த்தி என்ற விதி இருக்கிறது. 2014இல் ஏற்கப்பட்ட வட்டாரத் திட்டம், புதிய வளர்ச்சி நடக்கும் இடங்களில் மைய நகரங்கள் சராசரியாக ஏக்கருக்கு 20 வீடுகளும், புறநகர்கள் ஐந்தும் அனுமதிக்க வேண்டும் என்றது.

எல்லா ஊரும் இதை விரும்பவில்லை. செயின்ட் பாலுக்குக் கிழக்கே உள்ள லேக் எல்மோ, கிராமத் தன்மையோடு இருக்கவே ஆசைப்பட்டது. அதன் திட்டத்தை மாற்றியெழுதச் சொன்னது கவுன்சில். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2004இல் தீர்ப்பு கவுன்சிலுக்குச் சாதகமாக வந்தது. லேக் எல்மோவின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் ஊர் மறுக்கும் வீடுகள், குழாயே இல்லாத இன்னொரு வயலில்தான் போய் முளைக்கும்.

குழாய்க் கணக்கோடு சட்டம் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு திட்டமும் சூரிய மின்தகடுகளுக்கு நேர் வெயில் கிடைக்க வழிசெய்ய வேண்டும். பக்கத்து மனையின் உயரம் உங்கள் கூரையின் வெயிலைத் தின்றுவிடலாம் அல்லவா? மண்ணுக்கு அடியில் ஜல்லியும் மணலும் இருந்தால், வீடுகள் எழுந்து அவற்றை மூடிவிடும் முன்பே அவற்றைப் பற்றியும் எழுத வேண்டும். கட்டிவிட்ட பிறகு தோண்ட முடியாது. கான்கிரீட்டுக்கோ ஜல்லி வேண்டும். முடிந்த வரைவை அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் அனுப்பி, அவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல ஆறு மாதம் தரவேண்டும்.

மினியாபொலிஸ் 2040 என்ற திட்டம் இப்படி எழுந்ததுதான். வட்டாரச் சட்டத்துக்காகச் செய்யும் பத்தாண்டுப் புதுப்பிப்பு அது. வரைவுக்கு 10,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2018 டிசம்பரில் நகர மன்றம் 12க்கு 1 என்ற கணக்கில் அதை ஏற்றது. மனைக்கு ஒரே வீடு என்றிருந்த தெருக்களிலும் மூன்று குடியிருப்புகள் வரை கட்டலாம் என்றானது. சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்கு வந்தது, திட்டம் இடையில் முடங்கவும் செய்தது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. 2050ஐ நோக்கிய வட்டாரத் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறைவேறியது. இம்முறை பருவநிலையும் கட்டாயப் பாடம்: வெள்ளத்தையும் வெப்பத்தையும் எப்படித் தாங்குவோம் என்று ஒவ்வோர் ஊரும் எழுத வேண்டும். விடைத்தாள்களை ஒப்படைக்கக் கடைசி நாள் 2028 டிசம்பர் 31.