வாயுவா, மாரடைப்பா?



"நெஞ்சு கரிக்குது, வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்." மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் குப்பத்துப் பெண்கள் சொல்லும் பேச்சு இது. பல நேரம் வாயுவாகவே இருக்கும். ஆனால் மாரடைப்பும் இப்படி ஆரம்பிப்பது உண்டு.

நம்ம பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குறைந்துவிடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் இப்படித்தான் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. பாதை குறுகினால், கூடை சுமந்து நடக்கும்போது நெஞ்சு இறுக்கும்; உட்கார்ந்தால் விட்டுப் போகும். அப்போதே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால் அதுதான் மாரடைப்பு. ரத்தம் போகாத இதயத் தசை சாக ஆரம்பிக்கும். செத்த தசை திரும்ப வளராது.

சினிமாவில் வருவதுபோல எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதில்லை. நெஞ்சு நடுவில் பாரம் வைத்த மாதிரி இருக்கும். வலி கை, தோள், தாடை, முதுகு என்று பரவும். குளிர்ந்த வியர்வை கொட்டும். பெண்களுக்கு மூச்சுத் திணறல், குமட்டல், என்றும் இல்லாத அசதி இவையும் சேர்ந்து வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

இப்படி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அது இலவசம். நடக்க விடாதீர்கள், உட்கார வையுங்கள். ஆம்பிளைங்க கடலிலிருந்து வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. குழுவில் கடன் வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் நிற்காதீர்கள். தீர்மானமும் கையெழுத்தும் அப்புறம் பார்த்துக்கலாம்.

பொன்னேரிக்கோ சென்னைக்கோ போய்ச் சேர நேரமாகும். அதற்காகத்தான் 2023 ஜூன் மாதம் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகள் முதலில் கொடுப்பார்கள். முதல் இரண்டும் ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை போட்டாச்சு என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, பலூன் வைத்துத் திறக்கும் சிகிச்சையோ பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். முதல் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கருவாடு விற்கிறவர்களிடமே கருவாட்டைக் குறை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த உப்பு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறதே! வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதயத்துக்கு ஆகாது. பிரஷர், சர்க்கரைக்கு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள், கூட்டமைப்பு சார்பில் நாம் போய்க் கேட்போம்.