நீலகிரியின் சீதோஷ்ணமும் சங்கத்தின் கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத் தொடக்கத்தில், உதகை வட்டாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு சங்கங்களைப் பார்வையிட நேர்ந்தது. இரண்டிலும் அங்கத்தினர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள். மார்கழி, தை மாதங்களில் ஒரு சங்கத்துக்கு வந்த பச்சைத் தேயிலை மற்றதன் வரவில் பாதிகூட இல்லை. கடன் தவணையும் நின்றிருந்தது. அங்கத்தினருக்கு அக்கறை போதாது என்று நாம் குறிப்பெழுதிவிட்டோம். அக்குறிப்பு பிழையானது. ஏன் பிழை என்பதை விளக்கச் சீதோஷ்ணத்தின் பால பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மலை ஏன் குளிர்கிறது? மேலே செல்லச் செல்லச் சூரியனை நெருங்குகிறோமே, வெப்பம் மிகவேண்டாவோ என்று கேட்பவர் உண்டு. சூரியனோ சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாம் ஏறும் இரண்டு கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டன்று. காற்று பெரும்பாலும் நேரே வெயிலால் சூடேறுவதில்லை. வெயிலால் காய்ந்த நிலமே அதைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலெழும்; மேலே அழுத்தம் குறைவாதலால் விரியும்; விரியும்போது குளிரும். சராசரியாக 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஆறரை டிகிரி குறைகிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர். உதகை நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர். மலை ரயிலில் காலையில் ஏறியவர் நண்பகலில் இறங்கும்போது தோளில் கம்பளியைத் தேடுவது இந்தப் பன்னிரண்டு டிகிரி வேற்றுமையால்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரிக்குள் இருந்தும் உதகை குளிர்வதற்கு உயரமே முதற்காரணம். உயரம் மட்டும் எக்காலத்துக்கும் காவலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் இறுதியில் அங்கே 29 டிகிரி பதிவாயிற்று.

மழைக்கும் இதே விதிதான். ஈரக்காற்று மலைமேல் மோதி எழும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை நீராவியையும் தாங்க இயலாது. அது மேகமாகி மழையாய்ப் பொழிகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று மீண்டும் சூடேறி வறண்டுவிடும். ஆகவே மழை எப்பக்கம் பெய்யும் என்பதைக் காற்று வரும் திசையே தீர்மானிக்கிறது.

நீலகிரிக்குக் காற்று இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து தென்மேற்குப் பருவக் காற்று. கூடலூர், தேவாலா, குந்தா மலைத்தொடர், அவலாஞ்சி ஆகியவை அதை முதலில் ஏற்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக் காற்று. குன்னூர், கோத்தகிரி, கேத்தி ஆகியவை அதற்கு முகம் கொடுக்கின்றன. நடுவே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சுவர்போல் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. 2009 நவம்பரிலோ பேய்மழை பெய்தது குன்னூர், கேத்திப் பக்கத்தில். மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டம் ஒன்றே, ஆபத்துக் காலம் வேறு. கூடலூரில் ஆடி மாதத்தில் கொப்புள நோய்க்கு மருந்து தெளிக்கிறார்கள் என்பதற்காகக் கோத்தகிரிக்காரரும் அதே நாளைப் பின்பற்ற வேண்டியதில்லை.

மலையடிவாரத்துச் சிறுமுகை நெசவாளரும் இந்தச் சுவரின் பயனை அறிந்தவர்களே. மேற்கே மழை கொட்டும் ஆனி, ஆடியில் அவர்களுக்குக் கிட்டுவது பெரும்பாலும் காற்றுதான். பவானியில் வெள்ளம் வரும், வாசலில் மழை இராது. பருத்தி இழை ஈரப்பசையில் வலுக்கும், வறட்சியில் முறியும். பாவு அடிக்கடி அறுவதற்கு நூலைக் குறைகூறுமுன் காற்றையும் கவனிக்க வேண்டும். குழித்தறியில் மண்ணின் ஈரம் இழைக்கு எட்டுவது ஒரு வசதி. ஐப்பசியில் நிலை தலைகீழாகும்: கஞ்சி தோய்த்த பாவு உலராது. தீபாவளிக்குச் சேலை கேட்டு நெருக்கும் நாளும் அதுவே!

இனி அந்தச் சங்கத்துக்கு வருவோம். நம் குறிப்பைப் படித்த செயலாளர், வயதில் மூத்தவர், கோபங்கொள்ளவில்லை. “ஐயா, இன்றிரவு இங்கேயே தங்குங்கள், விடியுமுன் ஒரு நடை போய்வருவோம்” என்றார். போனோம். பள்ளத்துத் தோட்டத்தில் புல்லும் தேயிலையும் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தன. கரைமேல் சிறிது ஏறியதும் இலைகளில் வெறும் ஈரமே இருந்தது.

மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வையாகித் தடுக்கும். நிலத்தையொட்டிக் குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. எனவே உயரம் குறைந்த பள்ளம், உயர்ந்த சரிவைவிட அதிகம் குளிர்கிறது. மேலே சொன்ன ஆறரை டிகிரி விதி அவ்விரவில் செல்லாது. ஆள் உயரத்து உஷ்ணமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே புல்நுனியில் உறைபனி பிடித்துவிடலாம். கருகிய கொழுந்து மறுபடி துளிர்க்கக் கோடை மழை வரவேண்டும். முதற் சங்கத்தாரின் நிலம் பெரும்பாலும் பள்ளத்தில், மற்றவருடையது சரிவில். அக்கறையில் இருவருக்கும் வேற்றுமையில்லை.

குறிப்பை அடித்துத் திருத்தினோம். சங்கம் அவ்வாண்டே ஒரு மழைமானியும், இரவின் கடைசி உஷ்ணத்தைக் காட்டும் உஷ்ணமானியும் வாங்கிற்று. உஷ்ணமானியைக் கட்டிடச் சுவரில் மாட்ட வேண்டாமென்று சொன்னோம். சுவர் பகலின் வெப்பத்தைப் பிடித்துவைத்துப் பொய் சொல்லும். பள்ளத்தில் ஒரு கம்பம் நட்டு, நிழற்கூடு அமைத்து மாட்டினார்கள். மழைமானியை மரத்துக்கும் கூரைக்கும் விலகி வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அங்கத்தினர்கள் தாமே முறைவைத்துக் காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கத் தொடங்கினர். நிர்வாகக் குழு கூடிப் பள்ளத்து அங்கத்தினரின் தைத் தவணையை, கோடை மழைக்குப் பின் கொழுந்து வரும் வைகாசிக்கு மாற்றித் தீர்மானம் இயற்றியது. அவ்வைகாசியில் இருவரைத் தவிர எல்லோரும் கட்டிவிட்டார்கள்.