பாதையில் வெல்டிங்: வண்டியில் எந்த ஹூடை வைத்துக்கொள்வது?

போன எபிசோடுல ரெண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை சீரிஸ்ல கோத்து, ஜம்பர் கேபிளை வச்சு, உடைஞ்ச ஸ்டியரிங் பிராக்கெட்டை எப்படி ஒட்டுறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "முகத்துக்கு என்ன எடுத்துட்டுப் போறது?" அதனால இந்த எபிசோடு முழுக்க வெல்டிங் ஹூட். நம்ம ஊர்ப் பட்டறையில ஷீல்டுன்னு சொல்றதுதான். (அமெரிக்காவுல காரோட பானெட்டுக்கும் ஹூடுன்னுதான் பேரு. நான் பேசறது தலையில மாட்டுறது.)

இடம் எதுன்னு மனசுல வச்சுக்கிட்டாத்தான் இந்தப் பேச்சுக்கு அர்த்தம். கலிஃபோர்னியாவுல ரூபிகான் டிரெயில்னு ஒரு பாதை. சியரா நெவாடா மலையில, டாஹோ ஏரிப் பக்கம், சுமார் 22 மைல். முழுக்க கிரானைட் பாறை. அங்க நடுவுல ஆக்சில் ஹவுசிங்ல இருக்கற பிராக்கெட் பிஞ்சா, இழுத்துட்டுப் போக வண்டி சுலபமா வராது. நீங்களே மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில ஒட்டணும். ஹூடைத் தேர்ந்தெடுக்கறப்போ அந்த 'மல்லாக்கப் படுத்து'ங்கறதுதான் முக்கியமான விஷயம்.

ஏன்னா சாதாரண நிலையான கண்ணாடி ஹூடை எப்படி யூஸ் பண்றோம்? ராடை இடத்துல வச்சுட்டு, தலையை ஒரு வெட்டு வெட்டினா ஹூட் கீழ விழும். படுத்துக்கிட்டு அது நடக்காது. தூக்கி வைக்கவும் மேல இடம் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் இடிக்கும். கையில பிடிக்கற ஷீல்டும் வேண்டாம். ஒரு கை ஹோல்டருக்கு, இன்னொரு கை பிராக்கெட்டைப் பிடிக்க. மூணாவது கை யாருக்கும் இல்ல.

அதனாலதான் தானா இருளாகிற ஆட்டோ டார்க் கண்ணாடி இங்க ஆடம்பரம் இல்ல. 1981ல சுவீடன்ல இருந்து இது கடைக்கு வந்தது. ஆர்க் பத்தறதுக்கு முன்னாடி 3 அல்லது 4ஆம் ஷேடு, பத்தின உடனே 10 அல்லது 11. இந்த ஷேடு நம்பர் வெறும் பேரு இல்ல, அதுக்குக் கணக்கு இருக்கு. 4ஆம் ஷேடு வழியா நூத்துல அஞ்சு பங்கு வெளிச்சம் உள்ள வரும். 10ஆம் ஷேடுல ஒரு லட்சத்துல சுமார் 14 பங்குதான். பேட்டரி வெல்டிங்ல 2.5 எம்எம் ராடுக்கு 10 சரியா இருக்கும். 60லிருந்து 160 ஆம்பியர் வரைக்கும் ராடு வெல்டிங்குக்கு அமெரிக்காவோட ஓஷா விதி குறைந்தபட்சம் 8 கேக்குது. வசதிக்குப் பரிந்துரைக்கறது 10.

இப்போ இதோட பலவீனம். முன்னாடி இருக்கற சென்சார் ஆர்க்கைப் பாக்கணும். வண்டிக்கு அடியில படுத்திருக்கறப்போ கிராஸ்மெம்பரோ, உங்க முழங்கையோ அதை மறைச்சா கண்ணாடி பளிச்சுனு வெளுத்துரும். ரெண்டு சென்சார் உள்ளதை விட நாலு உள்ளது இந்த இடத்துல காசுக்கு மதிப்பு. ஒரு ஆறுதல்: தரமான கண்ணாடியில புற ஊதா, அகச்சிவப்பு வடிகட்டி எப்பவும் வேலை செஞ்சுட்டே இருக்கும். கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும். கண் கூசும், ஆனா அந்த ஒரு நொடியில ஆர்க் புண் வராது. இது தர முத்திரை உள்ளதுக்குத்தான் பொருந்தும். ஈஎன் 379 இல்ல அன்சி இசட்87.1னு போட்டிருக்கான்னு பாருங்க. விரிசல் விட்டதை யோசிக்காம தூக்கிப் போடுங்க.

எலெக்ட்ரானிக்ஸ்னா மலையில ஒருநாள் காலை வாரும். காலைக் குளிர்ல திரவப் படிகம் மந்தமாகும். வெயில்ல மூடின வண்டிக்குள்ள டேஷ்போர்டு மேல வச்சா சூட்டுல பாழாகும். மாசக் கணக்கா பெட்டியில கிடந்தா பேட்டரி செத்திருக்கும். அதனால என் தீர்ப்பு இது: கண்ணாடி அளவு 2க்கு 4¼ இன்ச் ஸ்டாண்டர்ட் சைஸ்ல இருக்கற ஹூடை வாங்குங்க. பெரிய ஜன்னல் மாதிரி காட்சி கிடைக்காது, உண்மைதான். ஆனா அதே சைஸ்ல சாதாரண 10ஆம் ஷேடு கண்ணாடி ஒண்ணை அட்டையில சுத்தி வச்சுக்கலாம். எலெக்ட்ரானிக் கண்ணாடி செத்தா ரெண்டு நிமிஷத்துல மாத்திக்கலாம். பட்டன் பேட்டரி மாத்தக்கூடிய மாடலா பாத்து வாங்குங்க. பேட்டரியை உள்ளயே சீல் பண்ணினது பட்டறைக்குச் சரி, பாதைக்குச் சரியில்ல.

அடுத்தது ஓடு. பிளாஸ்டிக் ஹூடும் அதோட ராட்செட் பட்டையும் சேர்ந்து ஒரு கால்பந்து சைஸ் இடத்தை அடைக்கும். தோல்ல தைச்ச மடிக்கற ஹூடுன்னு ஒண்ணு வருது. பாய்லருக்குள்ள, பைப்புக்கு இடையில வேலை செய்யறவங்க மாட்டுறது. மடிச்சா சீட்டுக்கு அடியில போயிரும், கழுத்தும் காதும் மூடியிருக்கும், படுத்தாலும் இடிக்காது. குறை என்னன்னா புழுக்கம், மூச்சுக் காத்துல கண்ணாடி மங்கறது. உள்பக்கம் ஒரு சொட்டு சோப்புத் தண்ணியைத் தேய்ச்சுத் துடைச்சா ஓரளவு தாங்கும். நான் தோல் கட்சி. இடம் இருந்து பிளாஸ்டிக்கே போதும்னு நினைச்சா, ஹூட்டுக்குள்ளயே கையுறை, சுத்தி, பிரஷ் எல்லாத்தையும் துணியில சுத்தித் திணிங்க. காலி இடம் வீணாகாது.

வாங்கின ஹூடை அப்படியே விடாதீங்க. முதல்ல பின்பக்கம். வெட்ட வெளியில சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா வெளிச்சம் உள்ள புகுந்து கண்ணாடியில உங்க மூக்கையே காட்டும். தோல் துண்டையோ கெட்டிக் காட்டன் துணியையோ பட்டையில தொங்க விடுங்க. பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். ரெண்டாவது விளக்கு. அஞ்சு சதவீத வெளிச்சத்துல வண்டிக்கு அடியில விரிசல் எங்க தெரியும்? ஹூட்டுக்கு வெளியில ஒரு சின்ன எல்ஈடி கட்டுங்க. நாப்பது தாண்டினவங்க அதே 2க்கு 4¼ சைஸ்ல வர்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை உள்ள சொருகிக்கலாம். அப்புறம் முன்பக்க பாலிகார்பனேட் தகடு நாலஞ்சு உபரியா இருக்கட்டும். 'லென்ஸ் சரியில்ல'ன்னு புலம்பற பல பேருக்குப் பொறி தெறிச்சுக் கீறின இந்தத் தகடுதான் பிரச்சினை. அதோட விலை ரொம்பக் கம்மி.

கிளம்பறதுக்கு முந்தின நாளும், ராடைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடியும், சிகரெட் லைட்டரை சென்சார் முன்னாடி ஒருதடவை தட்டிப் பாருங்க. இருளணும். ஹூட்டுக்குள்ள பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருங்க. கசடைத் தட்டும்போது ஹூடைத் தூக்கிடுவோம்ல.

உங்களை விட எனக்குக் கவலை கூட நிக்கறவங்க மேலதான். வண்டி நின்னா அஞ்சாறு பேர் சுத்தி நின்னு எட்டிப் பாப்பாங்க. ஒருத்தர் பிராக்கெட்டைப் பிடிச்சுட்டு முகத்தை மட்டும் திருப்பிக்குவார். கூலிங் கிளாஸ் போதாது. ஆர்க்கோட புற ஊதா பட்டா அப்போ ஒண்ணும் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு, கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். அதாவது ராத்திரி கேம்ப்ல, இல்ல இருட்டுல பாறை மேல வண்டியை இறக்கறப்போ. நம்ம ஊர்ல தாய்ப்பால் விடுவாங்க, உருளைக்கிழங்கு வைப்பாங்க. அதெல்லாம் வேண்டாம், டாக்டரைப் பாருங்க. அந்த மலையில டாக்டர் பக்கத்துல இல்லங்கறதால, ரெண்டாவதா ஒரு மலிவான நிலையான கண்ணாடி ஹூட் உதவியாளுக்குன்னே வண்டியில இருக்கணும். மத்தவங்களை மறைக்க ஒரு கெட்டிக் காட்டன் விரிப்பு.

ஹூட் புகையைத் தடுக்காது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால துடைச்ச இரும்பை ஒட்டினா பாஸ்ஜீன் விஷவாயு வரலாம், அதனால கம்பி பிரஷ்தான். கடைசியா, கோடையில அமெரிக்க வனத்துறை தீத் தடை போட்டிருந்தா வெல்டிங்குக்கே அனுமதி இருக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வன அலுவலகத்தோட அறிவிப்பைப் பாருங்க. தடை இருந்தா அந்தப் பயணத்துக்கு வெல்டிங் சாமான் வேண்டாம், ராட்செட் பட்டையும் சங்கிலியும் வச்சுக் கட்டி இழுத்துட்டு வர்ற வழியைத்தான் யோசிக்கணும். அதைப் பத்தி அடுத்த எபிசோடுல.