கரிமீனுக்கு உப்புநீர் ஏன்?

மட்டக்களப்பு வாவியிலும் பழவேற்காட்டிலும், கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரில் வளரும் கரிமீனை டொராண்டோவில் பெரிய கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர், நகரக் குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரியின் நன்னீர் என்பதை முதற்கண் கருதல் அவசியம். மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு இருப்பதால், நன்னீரில் செவுள்வழியே நீர் ஓயாது உட்புக, உப்பு வெளியேற, அதை ஈடுசெய்யவே ஜீவசக்தி விரயமாகிறது. கடலுப்புக் கலவையை ஏறக்குறைய அதே அளவில் கரைத்தால் அச்சிரமம் பெரிதும் குறையும். சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் போதாத சமையலுப்பை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யேன். இந்நகர நீரிலுள்ள குளோராமின் என்னும் கிருமிநாசினி, ஓரிரவு திறந்துவைத்தாலும் நீங்காதாகையால், அதனை முறிக்கும் மருந்திட்ட பின்னரே நீரைச் சேர்க்கவேண்டும். பனிக்காலத்தில், சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் தொட்டிநீர் விரற்கடையளவு வற்றி, கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் பொடி படியும்போது, ஆவியாவது நீரே, உப்பன்று. ஆதலால் அக்குறையை மருந்திட்ட நன்னீரால் மட்டுமே நிரப்புங்கள்.