மாட்டுங்கா பால்கனி

வளைந்த பால்கனிக்குச் சென்டரிங் அடித்தவனிடம் கேளுங்கள், அந்தக் கால ஃப்ளாட்டின் அருமை தெரியும். பலகை வளையாது. வளைவுக்குச் சட்டம் வெட்டி, அதன்மேல் சிறுசிறு பட்டிகளாகச் செங்குத்தாக அடித்துக்கொண்டே போகவேண்டும். நான் பாலக்காடு பக்கம் வாளையாரில், மலபார் சிமென்ட்ஸ் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த சென்டரிங் மேஸ்திரி. ரிப்பேர் வேலைக்குப் பம்பாய் மாட்டுங்கா போயிருந்தபோது, ஒரு பழைய கட்டடத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்தப் பட்டிகளின் அச்சு அப்படியே தெரிந்தது. வரி பிசகவில்லை.

1896இல் பிளேக் வந்து பம்பாயைப் புரட்டிப் போட்டது. நெரிசலைக் குறைக்க 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அவர்கள் மனை போட்ட வடக்குப் பகுதிதான் தாதர்–மாட்டுங்கா. வேலை தேடிப் போன பாலக்காட்டுக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் அங்கேதான் குடியேறினார்கள். மாடி வீட்டு மாமி ஒருவர் என் பேச்சைக் கேட்டதுமே, "வாளையாரா? நான் கல்பாத்திக்காரியாக்கும்! காப்பி சாப்பிட்டுட்டு வேலையைப் பாரு" என்றார்.

1930களில் அங்கே எழுந்தவை ஆர்ட் டெகோ கட்டடங்கள். 1925 பாரிஸ் கண்காட்சியால் உலகம் சுற்றிய பாணி அது. பெரும்பாலும் மூன்று, நான்கு தளம்தான். கப்பலைப் போல உருண்ட மூலை, ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி ஓடும் சன்ஷேட், உதயசூரியன் வடிவில் செய்த கிரில், படிக்கட்டில் மொசைக். சுற்றிலும் இடம் விட்டுக் கட்டியதால் அறைக்கு அறை காற்று. மாமியின் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்திலோ வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். திண்ணையும் முற்றமும்தான் காற்றுக்கு வழி. மாட்டுங்காவில் திண்ணையின் வேலையைப் பால்கனி பார்த்தது. மாமி காய் நறுக்குவதும் தெருவை விசாரிப்பதும் அங்கேதான்.

தூணோ தாங்குகல்லோ இல்லாமல் அந்தப் பால்கனி நீட்டி நிற்பது கம்பி காங்கிரீட்டின் தயவு. பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும்; நுனி கீழே தொங்கப் பார்க்கும்போது இழுவிசை மேலேதான் வரும். காங்கிரீட் போடும்போது எவனாவது மிதித்துக் கம்பியைக் கீழே தள்ளிவிட்டால், பின்னால் பால்கனியே விழும். அந்தக் காலத்து ஆட்கள் மிதிக்கவில்லை. கடற்காற்று உப்புத்தான் உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு உப்பி காங்கிரீட்டைப் பிளக்கிறது.

அதைவிடப் பெரிய துரு வாடகை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 அளவில் நிறுத்திவைத்தது. வருமானமில்லாத கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஏன் செலவழிப்பார்? பம்பாயின் மெரீன் டிரைவிலும் ஓவல் மைதானத்தை ஒட்டியும் இருக்கும் ஆர்ட் டெகோ கட்டடங்கள் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மாட்டுங்கா அதில் இல்லை. ஒவ்வொன்றாக இடித்து டவர் எழுப்புகிறார்கள்.

இங்கே வாளையாரிலும் அப்படியொரு உருண்ட மூலை வைக்கலாம் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். சிமென்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வளைவுப் பலகைக்குக் கூலி சொன்னதும், "நேராவே இருக்கட்டும் மேஸ்திரி" என்கிறார்கள்.